தவணையை வாடகை கட்டுமா?

மில்லில் கணக்கு முடித்து வந்த தோழர் ஒருவர் போன வாரம் சங்க ஆபீசுக்கு வந்தார். முப்பது வருஷம் கார்டிங்கில் பஞ்சுத் தூசியை விழுங்கிய மனிதர். வயது 52. கிராஜுவிட்டியும் பி.எஃப். பணமும் சேர்ந்து கையில் 9 லட்சம் ரூபாய் இருக்கிறது. திருப்பூர்ப் பக்கம் நாலு குடித்தனம் உள்ள லைன் வீடு ஒன்று 24 லட்சத்துக்கு வருகிறதாம். "வாங்கி வாடகைக்கு விடட்டுமா, தோழர்? சங்கத்தில் இருந்துகொண்டு வாடகை வாங்கினால் தப்பாகுமா?" என்று கூச்சத்தோடு கேட்டார்.

தப்பில்லை என்றே சொன்னோம். வேலை போன தொழிலாளி மாதம் நாலு காசு வர வழி தேடுவதைப் பேராசை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் தரகர் அவர் காதில் ஓதி அனுப்பிய கணக்கு இருக்கிறதே, அதுதான் தப்பு.

தரகர் சொன்னது இது: "பாங்கிலே 90 சதவீதம் கடன் கிடைக்கும். வாடகையே தவணையைக் கட்டிவிடும். உங்கள் கைப்பணம் பாதிகூடப் போகாது." கடன் 30 லட்சத்துக்குள் இருந்தால் விலையில் 90 சதவீதம் வரை கொடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருவது வாஸ்தவம். கொடுக்க இடம் உண்டு என்பதாலேயே வாங்க வேண்டுமா?

தோழர்களே, காகிதமும் பென்சிலும் எடுத்துப் போட்டுப் பாருங்கள். 24 லட்சத்தில் 90 சதவீதம் 21 லட்சத்து 60 ஆயிரம். வட்டி 9 சதவீதம், காலம் 20 வருஷம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 19,434 ரூபாய். முதல் மாதம் கட்டுகிற அந்தப் பணத்தில் 16,200 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 3,234 ரூபாய்தான்! 20 வருஷம் முடியும்போது அவர் கட்டியிருப்பது 46 லட்சத்து 64 ஆயிரம். இது தவிர, முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 2 லட்சத்து 16 ஆயிரம் ரூபாய் ரொக்கமாக எண்ணி வைக்க வேண்டும். பாங்க் அதைக் கடனில் சேர்க்காது.

வரவு என்ன? குடித்தனத்துக்கு 4,500 வீதம் நாலும் நிரம்பியிருந்தால் 18,000. நாலும் நிரம்பியிருந்தால்! 2020 ஊரடங்கில் வெளியூர்த் தொழிலாளிகள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியதை மறந்துவிட்டோமா? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர் குறைந்தது. பனியன் கம்பெனியில் ஷிப்டு குறைந்தால் லைன் வீட்டில் பூட்டுத் தொங்கும். மோட்டார் கெடும், வீட்டு வரி வரும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடிக்க வேண்டும். தவணை மட்டும் ஒரு மாதமும் லீவு போடாது.

மூன்று மாதம் தவணை நின்றால் பாங்க் அதை வாராக்கடன் என்று எழுதும். 2002ஆம் வருஷத்துச் சர்பாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, சிவில் கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டை எடுத்து ஏலம் போடலாம். முப்பது வருஷ உழைப்பு அந்த ஏலத்தில் போகும்.

இனி, யார் பேரில் வாங்குவது? நம்மிடம் வருகிறவர்கள் வட்டியைப் பற்றிக் கேட்கிற அளவுக்கு இதைக் கேட்பதில்லை. குடும்பம் பிளப்பது என்னவோ இதில்தான். 52 வயதில் சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு பாங்க் தனியாகக் கடன் தராது. ஆகவே தரகர் சொல்கிறார்: "பனியன் கம்பெனியில் இருக்கிற மகன் பேரில் கடனும் பத்திரமும் போட்டுவிடலாம்." அதாவது பணம் அப்பனுடையது, சொத்து மகனுடையது! மகன் நல்ல பிள்ளைதான், நமக்கும் தெரியும். ஆனால் நாளைக்கு மருமகள் வருவாள், கடன் வரும், மனஸ்தாபம் வரும். அப்போது பத்திரத்தில் பேர் இல்லாத அப்பன் எதைக் காட்டிப் பேசுவார்? கட்டிக்கொடுத்த மகளுக்கு அதில் என்ன இருக்கும்?

மகனைக் கடனில் சேர்த்துக்கொள்ளலாம். பத்திரத்தில் மூன்று பேர் பேரும் இருக்கட்டும்: தோழர், அவர் சம்சாரம், மகன். யார் எவ்வளவு பணம் போட்டார்கள், யாருக்கு எத்தனை பங்கு என்று பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால், வேறு அத்தாட்சி இல்லாதபோது எல்லோருக்கும் சம பங்கு என்றுதான் சட்டம் கொள்ளும். மச்சினன் பேரில் வாங்கி வைக்கலாமா என்றும் தோழர் கேட்டார். கூடவே கூடாது! உங்கள் பணத்தில் மச்சினன் பேரில் வாங்கினால் அது பினாமி. 2016இல் திருத்திய சட்டப்படி சொத்தும் பறிபோகும், சிறையும் உண்டு. சம்சாரம் பேரில், கணக்குக் காட்டக்கூடிய பணத்தில் வாங்குவது பினாமி ஆகாது. 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்து 2025 ஏப்ரல் முதல் உத்தரவும் இருக்கிறது. மிஞ்சுவது அதிகம் போனால் பத்தாயிரம் ரூபாய். அதற்காகச் சொல்லவில்லை. மில் சம்பளத்தில் குடும்பம் நடத்திய அந்த அம்மாளுக்கு ஒரு சுவராவது சொந்தமாக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறோம்.

கைப்பணம் குறைகிறவர்கள் போக்கியத்துக்கு விட்டுச் சமாளிப்பதையும் பார்க்கிறோம். குடியிருக்க வருகிறவரிடம் மூன்று லட்சம் வாங்கி விலையில் போட்டுவிடுகிறார்கள். அவர் காலி செய்யும்போது திருப்பிக் கொடுக்கப் பணம் எங்கே? வீடோ பாங்கில் அடமானம். கையில் இருப்பதோ பதிவு செய்யாத இருபது ரூபாய் ஸ்டாம்புத் தாள். ஏலம் வந்தால் முதலில் தெருவுக்கு வருவது அந்தக் குடித்தனக்காரர். அவரும் நம்மைப் போல ஒரு ஷிப்டுத் தொழிலாளிதான். இந்த வழி வேண்டாம். வாடகைக்கு விடுங்கள், எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள், 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது.

அப்படியானால் தோழர் என்ன செய்யலாம்? நாலு குடித்தனத்தை விட்டுவிட்டு இரண்டு குடித்தனம் பார்க்கச் சொன்னோம். விலை 12 லட்சம் என்று வையுங்கள். பாதியைக் கையில் இருந்து போட்டு, பதிவுச் செலவு 1 லட்சத்து 8 ஆயிரத்தையும் கொடுத்தால், 2 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சும். அதைத் தொடக்கூடாது. 6 லட்சம் கடனுக்கு அதே வட்டியில் 15 வருஷத் தவணை 6,086 ரூபாய். வாடகை 9,000. ஒரு வீடு பூட்டிக் கிடந்தால் அந்த மாதம் 1,586 ரூபாய் கைவிட்டுப் போகும், அவ்வளவுதான். அதை மகன் சம்பளம் தாங்கும். அப்ரூவல் இல்லாத வீடு என்று பாங்க் மறுத்தால், இரண்டு ரூபாய் வட்டிக்குப் பணம் தர ஒரு பைனான்ஸ்காரர் வாசலிலேயே நிற்பார். வருஷத்துக்கு 24 சதவீதம் அது! பாங்க் மறுத்த வீட்டை நாமும் மறுப்பதே சரி.

தோழருக்கு முகம் கொஞ்சம் வாடியது. நாலு குடித்தனத்தை மனசில் கட்டிவிட்டிருந்தார் போலும். தரகருக்கு அட்வான்ஸ் ஏதும் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டோம். இன்னும் இல்லை என்றார். முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றும், தாய்ப்பத்திர நகலும், பட்டாவும் இல்லாமல் ஒரு ரூபாயும் நீட்டாதீர்கள் என்று சொல்லி அனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை சம்சாரத்தையும் மகளையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.