மாநகரில் நல்ல காப்பி

பிள்ளைகள் பெங்களூருவில் பணியாற்றும் குடும்பங்கள் இன்று நம் பங்குகளில் பெருகிவிட்டன. ஆண்டிற்கு ஒருமுறையேனும் பெற்றோர் அங்கே சென்று சில நாள் தங்கி வருகின்றனர். திரும்பி வந்தோர் கூறும் குறைகளுள் ஒன்று நம் செவியில் அடிக்கடி விழுகிறது: "ஒரு கோப்பைக் காப்பிக்கு இருநூற்றைம்பது ரூபாய் கொடுக்கிறான்; அதுவும் புளிக்கிறது!" மகன் பணத்தை இறைக்கிறான் என்று தந்தை வருந்துகிறார், அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று மகன் நகைக்கிறான். காப்பியில் தொடங்கிய பேச்சு வீட்டு வாடகை, ஊரில் அடைக்க வேண்டிய கடன், தங்கையின் திருமணம் என்று எங்கெங்கோ போய் முடிகிறது. அண்மையில் அம்மாநகரில் ஒரு வாரம் தங்க நேர்ந்தபோது, இவ்வழக்கின் உண்மையை அறியும் பொருட்டு ஏழெட்டுக் கடைகளில் ஏறி இறங்கினோம். இருவர் பக்கமும் நியாயம் உண்டு என்பதே நம் தீர்ப்பு.

இக்கடைகள் தம் காப்பியை 'ஸ்பெஷாலிட்டி காப்பி' என்று அழைக்கின்றன. எர்னா நட்சன் என்னும் பெண்மணி 1974-இல் வணிக இதழ் ஒன்றில் இச்சொல்லை வழங்கினார். குறிப்பிட்ட மண்ணும் தட்பவெப்பமும் தரும் தனிச்சுவையுடைய கொட்டையையே அவர் குறித்தார். பின்னர் இதற்கு ஓர் அளவுகோலும் ஏற்பட்டது. பயிற்சி பெற்ற சுவைஞர்கள் தூளின்மீது வெந்நீர் ஊற்றி, நான்கு நிமிடம் கழித்து மேலே மிதக்கும் ஆடையைக் கரண்டியால் விலக்கி முகர்ந்து, பிறகு உறிஞ்சிப் பார்த்து மதிப்பெண் இடுவர். நூற்றுக்கு 80 பெற்றால்தான் அப்பெயர் என்பது நெடுங்காலம் வழங்கிவந்த முறை. ஆகவே இப்பெயர் கொட்டையைப் பற்றியதே அன்றி, நாற்காலியையும் விளக்கையும் பற்றியதன்று. ஆனால் மாநகரில் நாற்காலிக்கும் விளக்குக்கும் விலை வாங்கும் கடைகளே மிகுதி!

இந்தியக் காப்பிக்கு இப்பெருமை கிட்டுவதற்கு நெடுநாள் ஆயிற்று. பாபா புடன் என்னும் முஸ்லிம் பெரியவர் ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்னும் கதையை நம்மில் பலர் அறிவோம். அதன் பின்கதையையே நாம் அறிவதில்லை. 1942-ஆம் ஆண்டின் காப்பிச் சட்டத்தின்கீழ், தோட்டக்காரர் தம் விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுக் குவியலில் சேர்க்க வேண்டியிருந்தது. சந்தை சரிந்த காலங்களில் இது சிறு விவசாயியைத் தாங்கிற்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பழுத்த பழத்தை மட்டும் பொறுக்கிப் பறித்தவனுடைய கொட்டையும், காயும் பழமுமாக உருவி எடுத்தவனுடைய கொட்டையும் ஒரே குவியலில் கலந்தால், பொறுக்கிப் பறித்தவனின் உழைப்பை யார் அறிவர்? 1990-களில் இக்கட்டாயம் படிப்படியாகத் தளர்ந்து, 1996-இல் முற்றிலும் நீங்கிற்று. அதன் பிறகே ஒரு தோட்டம் தன் பெயரைத் தன் பொட்டலத்தின்மீது அச்சிட்டு விற்க வழி பிறந்தது. சிக்கமகளூர் பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர். குடகும் தொலைவில் இல்லை. விளைவிப்போர்க்கு இவ்வளவு அருகில் இருக்கும் மாநகரம் உலகில் சிலவே. இக்கடைகள் இங்கே தழைத்ததில் வியப்பில்லை.

சரி, நல்ல கடையைக் கண்டுகொள்வது எங்ஙனம்? உட்காருமுன் பொட்டலம் அடுக்கிய அலமாரியிடம் செல்லுங்கள். ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்துத் தோட்டத்தின் பெயரும் கொட்டை வறுத்த நாளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வறுத்து ஒரு மாதத்திற்குள் இருப்பின் நன்று. நாள் போகப்போக மணம் குன்றும். தயாரித்த நாள் என்று பொதுப்பட அச்சிட்டு, வறுத்த நாளைச் சொல்லாத பொட்டலத்தை நாம் நம்புவதில்லை. அடுத்து, கொட்டையை உங்கள் கோப்பைக்கென அப்பொழுதே அரைக்கிறார்களா என்று கவனியுங்கள். பின்னர் பரிமாறும் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும். பெரிய வணிக வளாகம் ஒன்றிலிருந்த பளபளப்பான கடையில், "எந்தத் தோட்டத்துக் கொட்டை, தம்பி?" என்று கேட்டோம். "பிரீமியம், சார்" என்று விடை வந்தது. வணக்கம் சொல்லி வெளியேறினோம். வேறொரு சிறு கடையில் அதே கேள்விக்கு அங்கிருந்த பெண் பொட்டலத்தையே திறந்து நீட்டி, "முதலில் மணத்தைப் பாருங்கள், அங்கிள், பிடித்தால் போடுகிறேன்" என்றாள். தராசில் தூளை நிறுத்து, கூம்பில் வடிதாள் இட்டு, கெண்டியிலிருந்து நீரை மெல்லச் சுழற்றி ஊற்றினாள். மூன்று நிமிடத்திற்குச் சற்று மேலாயிற்று. அந்தப் பொறுமைக்கு ஏற்ற சுவை இருந்தது.

பெயர் சொல்லுமாறு கேட்போர்க்குச் சில சொல்வோம். இந்திரா நகரில் 2021-இல் திறக்கப்பட்ட அரக்கு காப்பிக் கடை முதலில் காணத்தக்கது. ஆந்திர மாநிலத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலையில் பழங்குடி மக்கள் தம் சிறு நிலங்களில் விளைவிக்கும் காப்பி அது. நாந்தி அறக்கட்டளையின் துணையோடு வளர்ந்த இக்காப்பி, பெங்களூருவுக்கு வருமுன்பே 2017-இல் பாரிஸ் மாநகரில் கடை கண்டது! 2013-இல் டெல்லியில் தோன்றிய புளூ டோக்காய் நிறுவனத்துக்கும் இங்கே கிளைகள் உண்டு. டோக்காய் என்பது மயிலின் வாலைக் குறிக்கும் பழைய மலபார்ச் சொல்லாம். தோகை என்றால் நமக்கு விளக்கம் வேண்டுமோ? தேர்டு வேவ் காப்பி பெங்களூருவிலேயே பிறந்தது. கிளைகள் பெருகிய கடைகளில் கொட்டை ஒன்றாயினும் போடுபவரின் கைக்கேற்பச் சுவை மாறும் என்பதை நினைவிற் கொள்க.

இனி அந்தப் புளிப்பைப் பற்றி. நம் வீட்டுக் காப்பி ஆழ வறுத்தது, சிக்கரி சேர்ந்தது, பாலும் சர்க்கரையும் கலந்தது. இக்கடைகளிலோ பெரும்பாலும் இளவறுவல். பழத்துக்குள் இருந்த விதை அல்லவா காப்பிக் கொட்டை? இளவறுவலில் அப்பழத்தின் புளிப்பு ஓரளவு தங்கியிருக்கும். ஆரஞ்சுச் சுளையைப்போல் புளித்து, பின் இனித்து அடங்கினால் அது குணம். நாக்கைக் கூசச் செய்து அங்கேயே நின்றால் அது கொட்டையின் குறை அல்லது போட்டவரின் குறை. பழக்கமில்லாத பெற்றோர்க்குப் பாலில்லாக் காப்பியை முதல்நாளே வாங்கிக் கொடுத்து, முகம் சுளிப்பதைக் கண்டு சிரிக்கும் பிள்ளைகளை நாம் ஒப்புவதில்லை. நடுத்தர அல்லது ஆழ்ந்த வறுவலில் பால் சேர்த்த கப்புச்சினோவில் தொடங்கலாம். அம்மாவுக்கு ஆறிப்போன காப்பி பிடிக்காதெனில், இன்னும் சற்றுச் சூடாகத் தருமாறு கேட்பதில் தவறில்லை.

விலைக்கு வருவோம். இத்தகைய கொட்டையின் 250 கிராம் பொட்டலம் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கோப்பைக்கு 15 கிராம் என்றாலும் 16 கோப்பை ஆகும். கொட்டைக்கான செலவு கோப்பைக்கு 40 ரூபாய்க்கும் குறைவே. மிகுதி கடை வாடகைக்கும் இயந்திரத்திற்கும் குளிரூட்டலுக்கும் பணியாளர் சம்பளத்திற்கும் கடைக்காரர் இலாபத்திற்கும் போகிறது. எனவே கோப்பையின் விலையைப் பற்றித் தந்தை முணுமுணுப்பது சரி. கொட்டை அந்த விலை பெறும் என்று மகன் வாதிடுவதும் சரி. பழுத்தவற்றை மட்டும் எடுக்க ஒரே செடியிடம் பலமுறை திரும்பிச் செல்ல வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அதே வேலை. மழைக்காலத்து அட்டைகளையும் மலைச்சரிவையும் அறிந்த அக்கைகளுள் தமிழகத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் சென்று குடியேறியோரின் கைகளும் உண்டு. பொட்டலத்தில் தோட்டத்தின் பெயர் இருக்கிறது, கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்பதும் இருக்கிறது. பறித்தவருக்கு என்ன கூலி என்பதை அச்சிட்ட பொட்டலத்தை நாம் இதுவரை கண்டதில்லை. கடைக்காரரிடம் அதையும் கேட்டுப் பாருங்கள். விடை தெரிந்த கடைக்கு மறுமுறையும் போகலாம்.

நாள்தோறும் இக்கடைகளில் அமர்வது சம்பளக்காரக் குடும்பத்துக்கு ஆகாது. பெங்களூருவில் நின்றபடியே அருந்தும் பழைய பில்டர் காப்பிக் கடைகள் இன்னும் வாழ்கின்றன. 1965 முதல் சங்கரபுரத்தில் நடந்துவரும் பிராமின்ஸ் காப்பி பார் அவற்றுள் பெயர்பெற்றது. அதிகாலையில் அங்கே ஒரு குவளை. ஊர் திரும்புமுன் ஒருநாள் பிள்ளையோடு நல்ல கடையில் ஒரு கோப்பை. கையில் ஒரு பொட்டலம். இது எல்லார்க்கும் கட்டுப்படியாகும்.

வீட்டில் அரைக்கும் வசதி இல்லாதோர் பொட்டலத்தைக் கடையிலேயே அரைத்து வாங்கலாம். நம் பித்தளை பில்டருக்கு என்று மறவாமல் சொல்லுங்கள். மற்றக் கருவிகளுக்குரிய அரைப்பு வேறு. சிக்கரி இல்லாத தூளாதலால் டிகாக்ஷன் நிறம் குறைந்தே இறங்கும். சட்டம் 49 விழுக்காடு வரை சிக்கரி கலக்க இடம் தருகிறது. நம் ஊர்க்கடைத் தூளின் கருமையில் பாதி அதனால் வந்ததாகவே இருக்கலாம். ஆகையால் வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடுதலாக இட்டு, பாலைக் குறைத்து ஊற்றுங்கள். பொட்டலத்தின் வாயை இறுகக் கட்டி, அடுப்பின் சூடு படாத அலமாரியில் வைத்து, மூன்று வாரத்திற்குள் தீர்த்துவிடுங்கள். விருந்தினர் வரட்டும் என்று காத்து வைக்க வேண்டாம்.