டூரிஸ்ட் விசாவில் வேலை: ஏஜென்ட்டுக்கு லாபம், முதலாளிக்கு லாபம்... நமக்கு?



"விசாவே தேவையில்லப்பா. பாஸ்போர்ட்டை மட்டும் குடு. முதல்ல டூரிஸ்ட்டா போய் இறங்கு, வேலையில சேரு. முப்பது நாள் முடியப்போகுதுன்னா பார்டரைத் தாண்டிட்டுத் திரும்பி வா, மறுபடியும் முப்பது நாள். பர்மிட் நாங்க பாத்துக்கிறோம்."

ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. இதை நம்பி அம்மாவின் நகை அடகுக்குப் போகிறது, வட்டிக்குக் கடன் வருகிறது. பையன் திருச்சியில் விமானம் ஏறுகிறான். கையில் ரிட்டன் டிக்கெட், அதிகாரியிடம் காட்ட ஏஜென்ட் கொடுத்த கொஞ்சம் பணம். "சுற்றிப் பார்க்க வந்தேன்" என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். இறங்கிய மறுநாள் அவன் நிற்பது ஏதோ ஒரு உணவகத்தின் பின்கட்டில், எச்சில் தட்டுகளுக்கு முன்னால்.

இப்படிப் போனவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உள்ளூரில் வயிற்றுக்குப் போதிய கூலி கிடைத்திருந்தால் எவனும் ஊரை விட்டுப் போயிருக்க மாட்டான். நாம் கேட்பது ஒன்றுதான்: இந்த ஏற்பாட்டில் யார் யாருக்கு என்ன கிடைக்கிறது?

முதலில், இது எப்படி இவ்வளவு பெருகியது என்று பாருங்கள். 2023 மார்ச்சில் மலேசிய அரசு வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான புதிய ஒதுக்கீட்டை நிறுத்தி வைத்தது. ஏற்கெனவே அனுமதி கிடைத்தவர்கள் 2024 மே 31-க்குள் வந்து சேர வேண்டும் என்று கெடு வைத்தது. அதற்கு நடுவில், 2023 டிசம்பர் 1 முதல், இந்தியர்கள் விசா இல்லாமலே வந்து 30 நாள் தங்கலாம் என்று அறிவித்தது. வேலைக்குப் போகும் வாசல் குறுகிய நேரத்தில் சுற்றுலாவுக்குப் போகும் வாசல் அகலத் திறந்தது. கடைகளுக்கு ஆள் வேண்டும், இங்கே ஆளுக்கு வேலை வேண்டும். நடுவில் ஏஜென்ட் புகுந்துகொண்டார்.

துபாய் கதை இதைவிடப் பழையது. விசிட் விசா முடிகிற நாளில் நம் ஆட்களை ஈரானின் கிஷ் தீவுக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். விசா இல்லாமல் இறங்கலாம் என்பதால் அந்தத் தீவு. புது விசா வரும்வரை அங்கேயே காத்துக் கிடக்க வேண்டும். 2008-ல் அமீரகம் விசா விதிகளை மாற்றியபோது, பிலிப்பைன்ஸ்காரர்கள் உட்படப் பல நாட்டுத் தொழிலாளர்கள் அந்தத் தீவில் சிக்கிக்கொண்டார்கள். மலேசியாவில் இருப்பவர்களுக்கு அந்தத் தீவுக்குப் பதில் தாய்லாந்தின் ஹாட்யாய். போய்விட்டுத் திரும்புவதுதான் கணக்கு. ஆனால் ஒவ்வொரு முறையும் உள்ளே விடுவதா வேண்டாமா என்பது கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் கையில். ஒருமுறை அவர் தலையை ஆட்டிவிட்டால் அறையில் கிடக்கும் துணிமணி, முதலாளி பாக்கி வைத்த சம்பளம் எல்லாம் அங்கேயே போச்சு.

இப்போது லாபக் கணக்குக்கு வருவோம்.

முதலாளிக்கு என்ன லாபம்? மலேசியாவில் முறைப்படி ஒரு வெளிநாட்டுத் தொழிலாளியை உற்பத்தி, கட்டுமானத் துறைகளில் வைத்துக்கொள்ள ஆண்டுக்கு 1,850 ரிங்கிட் லெவி கட்ட வேண்டும். 2019 ஜனவரி முதல், முறையான அனுமதியுள்ள வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் பெர்கேசோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் வேலை விபத்துக் காப்பீடு கட்டாயம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்று சட்டம் சொல்கிறது. டூரிஸ்ட்டாக வந்தவனுக்கு லெவியும் கிடையாது, காப்பீடும் கிடையாது. "இவ்வளவுதான் தருவேன்" என்றால் அவன் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். யாரிடம் போய்ப் புகார் சொல்வான்?

ஏஜென்ட்டுக்கு என்ன லாபம்? பதிவு பெற்ற ஏஜென்ட் ஒரு தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே சேவைக் கட்டணமாக வாங்கலாம், ரசீது தர வேண்டும். டூரிஸ்ட்டாக அனுப்புகிறவருக்கு உச்சவரம்பும் இல்லை, ரசீதும் இல்லை. நாளைக்குப் பிரச்சினை என்றால், "நான் டிக்கெட் மட்டும்தான் போட்டுக் குடுத்தேன், அவரே சுத்திப்பாக்கப் போனாரு" என்று கை கழுவிவிடலாம்.

நமக்கு? இங்கேதான் கவனமா படிக்கணும், உறவுகளே.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகை. மலேசியா, அமீரகம், சவுதி, குவைத், கத்தார், ஓமன் உட்பட 18 நாடுகளுக்கு இவர்கள் வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அந்த அனுமதி வாங்கும்போதுதான் வேலை ஒப்பந்தம் பதிவாகிறது, முதலாளி யார் என்பது அரசின் கணக்கில் ஏறுகிறது. பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் அப்போதுதான் போடப்படுகிறது. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியம். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய்.

அதே ஆள் டூரிஸ்ட்டாகப் போனால் இந்த அனுமதியே தேவையில்லை. அதனால் ஒப்பந்தமும் இல்லை, முதலாளி பெயரும் இல்லை, அந்த 10 லட்சமும் இல்லை. ஏஜென்ட்டுக்கு லட்சம் லட்சமாகக் கொடுத்த குடும்பத்துக்கு, 275 ரூபாயில் கிடைத்திருக்க வேண்டிய பாதுகாப்பு கிடைக்காமல் போகிறது. சாரத்திலிருந்து விழுந்தவன் இரண்டு நாட்டுக் காகிதத்திலும் சுற்றுலாப் பயணி. சுற்றுலாப் பயணிக்கு எந்த நாட்டிலும் சம்பள பாக்கி கிடையாது, வேலை விபத்து கிடையாது, தொழிலாளர் நீதிமன்றமும் கிடையாது.

சட்டத்தின் அடியும் முதலில் விழுவது அவன் மேல்தான். மலேசியாவில் அனுமதிக்கு மேல் தங்கினால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம் அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. அமீரகத்தில் ஒரு நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம் ஏறிக்கொண்டே போகும். முதலாளிக்குத் தண்டனையே இல்லை என்று சொல்லவில்லை. மலேசியாவில் ஒரு தொழிலாளிக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை, அமீரகத்தில் 2024 திருத்தத்தின்படி ஒரு லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் உண்டு. ஆனால் ரெய்டு வரும்போது முதலாளி வீட்டில் இருப்பார். கடையில் சிக்குவது யார்?

"எங்க மாமா இப்படித்தான் போனாரு, வீடே கட்டிட்டாரு" என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான், தப்பிப் பிழைத்தவர்கள் உண்டு. பொங்கலுக்கு ஊருக்கு வந்து கதை சொல்பவர்கள் அவர்கள்தான். பிடிபட்டுத் தடுப்பு முகாமில் கிடந்தவன், விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டவன், கடன்காரனுக்குப் பயந்து ஊருக்கே வராமல் திருப்பூரில் இறங்கி வேலைக்குப் போனவன், இவர்கள் யாரும் டீக்கடையில் உட்கார்ந்து அதைப் பேசுவதில்லை.

இன்னொரு அநியாயத்தையும் பாருங்கள். லேப்டாப்போடு வந்து, கடற்கரை ஊரில் தங்கி, எல்லை தாண்டித் தாண்டி டூரிஸ்ட் விசாவைப் புதுப்பித்துக்கொண்டிருந்த பணக்கார நாட்டுக்காரர்கள் தாய்லாந்தில் எத்தனையோ பேர். அவர்களுக்கு என்ன நடந்தது? 2024 ஜூலையில் ஐந்து ஆண்டு விசா ஒன்றை அந்த அரசே கொண்டுவந்தது. வங்கியில் 5 லட்சம் பாத் காட்டினால் ஒரு தடவைக்கு 180 நாள் தங்கலாம். மலேசியாவும் 2022-லேயே இப்படிப்பட்டவர்களுக்குத் தனி அனுமதி கொடுக்கத் தொடங்கிவிட்டது. இருவரும் செய்தது ஒரே காரியம்: டூரிஸ்ட்டாக வந்து வேலை பார்த்தார்கள். கணினியில் வேலை பார்த்தவருக்குப் புது விசா, தட்டு கழுவியவனுக்குக் கைவிலங்கு. சட்டத்தை மாற்ற முடியாது என்பதல்ல பிரச்சினை. யாருக்காக மாற்றுவது என்பதுதான் பிரச்சினை.

அதனால்தான் நம் கோரிக்கைகள் இவை.

1. குடிபெயர்வுச் சட்டம் 1983-ல் வந்தது. பதிவில்லாமல் ஆள் அனுப்புகிற ஏஜென்ட்டுக்கு அதில் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம் அதிகபட்சம் 2,000 ரூபாய். ஒரு ஆளிடம் அடிக்கும் கமிஷனில் இது எந்த மூலைக்கு? இதற்கு மாற்றாக 2025-ல் வெளியுறவு அமைச்சகம் புதிய மசோதா வரைவை வெளியிட்டது. டூரிஸ்ட் விசாவில் வேலைக்கு அனுப்புவதையும் ஆள் சேர்ப்பு என்றே அது வரையறுக்க வேண்டும். தண்டனை அனுப்பியவருக்கு, ஏமாந்து போனவருக்கு அல்ல.

2. 2024 ஆகஸ்டில் மலேசியப் பிரதமர் டெல்லி வந்தபோது, தொழிலாளர் தேர்வு, வேலை, நாடு திரும்புதல் குறித்து இரு நாட்டுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. உணவகம், முடிதிருத்தம், நகைத் தொழில் என நம் மக்கள் அதிகம் போகும் துறைகளுக்கு அதன்படி நேரடி ஆள் சேர்ப்பு நடக்க வேண்டும். 1978 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் வழியாகவே அதைச் செய்யலாம்.

3. காப்பீடு விசாவைப் பார்க்கக் கூடாது, உழைப்பாளியைப் பார்க்க வேண்டும். எந்த விசாவில் போயிருந்தாலும் பிரீமியம் கட்டிச் சேர வழி வேண்டும்.

4. திருச்சி, சென்னை விமான நிலையங்களில் தமிழில் விளக்கம் சொல்லும் உதவி மையம் வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பணம் கட்டும் முன் மூன்று விஷயம் பாருங்கள். ஏஜென்ட்டின் பதிவு எண் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறதா? முதலாளி பெயரும் சம்பளமும் எழுதிய ஒப்பந்தம் கைக்கு வந்ததா? விசாவில் வேலை என்று இருக்கிறதா? ஒன்று இல்லாவிட்டாலும் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் கேளுங்கள், அல்லது 1800 11 3090 என்ற அரசின் கட்டணமில்லா எண்ணுக்குப் பேசுங்கள்.

ஏற்கெனவே அங்கே மாட்டிக்கொண்டிருக்கும் உறவுகளே, பயந்து ஒளிய வேண்டாம். குறைந்த அபராதத்தோடு நாடு திரும்ப அந்த அரசுகள் அவ்வப்போது வாய்ப்புத் தருகின்றன. 2024-ல் மலேசியாவில் 500 ரிங்கிட் கட்டி ஊர் திரும்ப முடிந்தது. அமீரகத்திலும் அதே ஆண்டு செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பொதுமன்னிப்பு இருந்தது. இடைத்தரகரிடம் பணம் கொடுக்காமல், இந்தியத் தூதரகத்தை நேரடியாக அணுகுங்கள்.

உங்கள் ஊரில் இப்போதும் டூரிஸ்ட் விசாவில் வேலைக்கு ஆள் பிடிக்கிறார்களா? எழுத்துப்பூர்வமாகக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நம் கிளைப் பொறுப்பாளர்களை அழையுங்கள், கூட வருவார்கள். இந்தப் பதிவை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். அடுத்த வாரம் விமானம் ஏற இருக்கிற ஒரு தம்பி அதில் இருக்கலாம்.