புகைவீட்டுப் பேரனின் அடுப்பு

"அண்ணே, பவுடர் கோட்டிங் அடுப்பைப் பழைய சாமானிலேயே செய்துவிட முடியுமா?" மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ரிம், சட்டம், கேட் கம்பி என்று எதுவானாலும் பெரிய கடைக்கு அனுப்பிக் காத்திருந்தால் கூலியில் பாதி அங்கேயே போய்விடுகிறது. கேள்வி நியாயமானது. பதிலும் "முடியும்" என்பதுதான். எந்தப் பழைய சாமான் என்பதில்தான் வம்பு.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த வேலை புதிதல்ல. புகைவீடும் ஒருவகை அடுப்புதானே! உருளையில் பிழிந்த ரப்பர் ஷீட்டுகளைக் கழிகளில் தொங்கவிட்டு, விறகு மூட்டி, 50 முதல் 60 பாகை செல்சியஸ் சூட்டில் நாள்கணக்கில் காயவைப்பார்கள். சூடு கூடினால் ஷீட்டில் கொப்புளம் கிளம்பும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். செம்மோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் தாத்தா இரவு முழுக்க விழித்திருந்து விறகு தள்ளியவர். எந்த மூலை சூடு, எந்த மூலை மந்தம் என்பது அவருக்கு அத்துப்படி. பவுடர் அடுப்பிலும் பாதி வித்தை அதுதான். சூடு மட்டும் 180 முதல் 200 பாகை வரை போகும்.

அந்த 200 காற்றின் சூடல்ல, இரும்பின் சூடு. கனமான சட்டத்தை உள்ளே வைத்தால், காற்று 200ஐத் தொட்ட பிறகும் இரும்பு வெகுநேரம் பின்தங்கியே நிற்கும். இரும்பு அந்தச் சூட்டுக்கு வந்த பிறகுதான் பத்து, பதினைந்து நிமிடத்தை எண்ணத் தொடங்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் அன்றைக்குப் பளபளக்கும். ஈப்போ மழையில் சில மாதம் ஓடியதும் தோல் உரியும். வாடிக்கையாளரும் அதோடு போய்விடுவார். ஆகவே வெப்ப உணர்கம்பி ஒன்றை இரும்பிலேயே கட்டிப் பாருங்கள். காற்றைச் சுழற்ற ஒரு விசிறி வேண்டும். அதன் மோட்டார் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும்.

பெட்டிக்கு அலுவலக இரும்பு அலமாரி நன்றாக ஒத்துவரும். பழைய சாயத்தை முதலில் நீக்கிவிடுங்கள். குளிர்பெட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் சுவருக்குள் இருக்கும் நுரை இந்தச் சூட்டைத் தாங்காமல் நச்சுப்புகை கக்கும்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தம்பியின் பட்டறையில் நான் பார்த்ததைச் சொல்லியாக வேண்டும். அலமாரிக்கு உட்சுவராக அவர் வைத்திருந்தவை, இடிக்கப்பட்ட தோட்ட வீட்டின் கூரை ஷீட்டுகள். "தாத்தா வீட்டுக் கூரைண்ணே, நெருப்பே பிடிக்காது" என்றார் பெருமையாக. ஆஸ்பெஸ்டாஸ்! கிரைண்டரில் அறுத்த தூசு தரையெங்கும் கிடந்தது. இரண்டு குழந்தைகள் அதில் கோடு போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்த இழை நுரையீரலில் தங்கிவிட்டால் நோய் வெளியே தெரிய இருபது, முப்பது ஆண்டுகூட ஆகலாம். ஆஸ்பெஸ்டாஸ் தூசு இந்நாட்டுச் சட்டத்தில் அபாயக் கழிவு. அறுக்காதீர்கள், உடைக்காதீர்கள், உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். நனைத்து, தடித்த பிளாஸ்டிக்கில் கட்டி ஒதுக்கிவைத்துவிட்டுச் சுற்றுச்சூழல் இலாகாவைக் கேளுங்கள். வெப்பக்காப்புக்குப் பாறைக்கம்பளி வாங்குங்கள். இந்த ஒன்றில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சூட்டுக்கம்பிகளைப் பழைய ரொட்டி அடுப்பிலிருந்து கழற்றலாம். வெகுநாள் கிடந்த கம்பி ஈரத்தைக் குடித்திருக்கும். சுவிட்சைத் தட்டியதும் மின்கசிவுக் காப்பு விழுந்துவிடும். "தொந்தரவு" என்று அந்தக் காப்பையே தாண்டி வயர் இழுப்பவர்கள் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாட்டு. கம்பியை நன்கு உலர்த்தி, காப்புத்தடையை அளந்து பார்த்து, தேறாவிட்டால் எறியுங்கள். ஒரு கணக்கும் சொல்கிறேன்: 4.5 கிலோவாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 20 ஆம்பியர் இழுக்கும். வீட்டு பிளக் 13 ஆம்பியர்தான். தனி லைன் வேண்டும். பதிவுபெற்ற வயர்மேன் வந்து போட வேண்டும்.

கேஸ் அடுப்பு மலிவு என்று சிலர் சொல்வார்கள். பறக்கும் பவுடர் காற்றில் அடர்ந்தால், ஒரு பொறி போதும், வெடிக்கும். பவுடர் அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் திறந்த தீ கூடவே கூடாது. மாட்டும் கொக்கிக்கும் முறையான எர்த் இருக்க வேண்டும். எர்த் சரியில்லாவிட்டால் பவுடரும் இரும்பில் சீராக ஒட்டாது.

முதல் சூட்டை வெற்றுப் பெட்டியில், கதவைத் திறந்து வைத்து, வெளி முற்றத்தில் கொடுங்கள். புகை முழுக்க அடங்கிய பிறகு உள்ளே கொண்டுபோகலாம். தீபாவளிக்கு அதில் கேக் சுட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்ட அந்தத் தம்பியின் மனைவிக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வேண்டாம்மா!