சுகவீன விடுமுறையும் புதிய வேலையும்

பிரித்தானியாவின் பெரிய வைத்தியசாலை எதற்குச் சென்றாலும் எம்மவர் ஒருவரையேனும் காணாது திரும்புவது அரிது. வைத்தியராக, தாதியாக, மருந்தாளராக, சமையற்கூடத்தில், நோயாளரைத் தள்ளுவண்டியில் கொண்டு செல்பவராக, இரவில் தரை துடைப்பவராக அவர்கள் அங்கே இருக்கிறார்கள். இவர்களிடையே ஒரு பேச்சு நெடுங்காலமாக உலவி வருகிறது. 'சுகவீன லீவு எடுத்தால் வேறு வைத்தியசாலைக்கு மாற முடியாது' என்பதே அது.

இப்பேச்சு முழுப் பொய்யன்று, முழு உண்மையுமன்று. அரை உண்மையாக இருப்பதனாலேயே அது அதிகம் கெடுக்கிறது. காய்ச்சலோடு வேலைக்குச் செல்வோரும், முதுகு நோவுக்கு மாத்திரை விழுங்கிவிட்டு நோயாளரைத் தூக்குவோரும், சத்திரசிகிச்சைக்குக்கூட வருடாந்த விடுமுறையைச் செலவிடுவோரும் எம்மிடையே உண்டு. தம்மை மதியாத மேலாளரின் கீழ் ஆண்டுக்கணக்கில் அசையாது இருப்போரும் உண்டு. காரணம் கேட்டால் 'ஃபைலில் லீவு கிடக்கிறது' என்பார்கள். அந்த ஃபைலை யார், எப்போது பார்க்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டாலே இந்த அச்சத்தில் பாதி குறையும் என்று நாம் கருதுகிறோம்.

ஊரில் அரச வைத்தியசாலையில் வேலை பார்த்தவருக்கு இடமாற்றம் என்றால் என்னவென்று தெரியும். மேலிடத்திலிருந்து கடிதம் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்புக்குப் போவார். சம்பளம் கொடுப்பது அதே அரசாங்கந்தான். இங்கே அப்படியன்று. தேசிய சுகாதார சேவை என்ற பெயரின் கீழ் இங்கிலாந்தில் மட்டும் சுமார் 15 இலட்சம் பேர் வேலை செய்தாலும், ட்ரஸ்ட் எனப்படும் ஒவ்வொரு நிர்வாகமும் தனித்தனி முதலாளி. ஒன்றிலிருந்து மற்றதற்குச் செல்பவர் சட்டப்படி ஒரு வேலையை விட்டு விலகி, இன்னொன்றில் புதிதாகச் சேருகிறார். ஆயினும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இலத்திரனியல் ஊழியர் பதிவேடு பொதுவானது. மாறுபவரின் சேவைக்காலமும் விடுமுறை விபரமும் அதன்வழியே புதிய இடத்துக்குப் போகக்கூடும். வேலைப் பாதுகாப்பு என்று வந்தால் வேறு வேறு வீடு, பதிவேடு என்று வந்தால் ஒரே வீடு!

இதில் ஒரு நன்மையும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. வைத்தியர்கள் தவிர்ந்த பெரும்பாலான ஊழியருக்கு முதலாண்டில் ஒரு மாதம் முழுச் சம்பளமும் இரண்டு மாதம் அரைச் சம்பளமுமே சுகவீனக் கொடுப்பனவாகக் கிடைக்கும். ஐந்து ஆண்டுகள் நிறைவு செய்தவருக்கு அது ஆறு மாதம் முழுமையும் ஆறு மாதம் பாதியுமாக உயர்கிறது. ஒரு ட்ரஸ்டிலிருந்து நேரே மற்றதற்குச் செல்பவரின் முந்தைய சேவையும் இதற்குக் கணக்கில் சேரும். 'மாறினால் எல்லாம் பூச்சியத்திலிருந்து தொடங்கும்' என்று அஞ்சுவோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். வட அயர்லாந்து நீங்கலாகப் பிரித்தானியா முழுவதற்கும் பொருந்தும் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், அதன் 60ஆவது பிரிவில் ஓர் ஒழுங்கை வகுத்திருக்கிறது. வேலையைத் தருவதாகச் சொல்வதற்கு முன்னர் விண்ணப்பதாரரின் உடல்நலத்தைப் பற்றி வினவுதல் ஆகாது. கடந்த ஆண்டில் எத்தனை நாள் சுகவீனமாக நின்றீர்கள் என்று நேர்முகத் தேர்வில் கேட்பதும் இதில் அடங்கும். சில விலக்குகள் உண்டு. அந்த வேலையின் அடிப்படைக் கடமையைச் செய்ய இயலுமா என்று அறிய வேண்டிய இடத்தில் கேட்கலாம். ஆனால் பொதுவிதி தெளிவானது: முதலில் வேலை, பின்னரே உடல்நலம்.

பின்னர் வருவதுதான் சிக்கல். நேர்முகத் தேர்வில் தேறியவருக்குக் கிடைப்பது நிபந்தனையுடனான நியமனம். அதன் பின்னரே அடையாளம், குடியுரிமை அல்லது விசா, கல்வித் தகைமை, குற்றப் பதிவு ஆகியவற்றோடு இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, பழைய இடத்திலிருந்து றெஃபரன்ஸ் பெறுவது. மற்றது, தொழில்சார் சுகாதாரப் பிரிவின் உடல்நல மதிப்பீடு. எம்மவர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புகிறார்கள். சுகாதாரப் பிரிவுக்குச் சொல்வது இரகசியமானது. நோயின் விபரம் மேலாளருக்குப் போகாது. இவர் வேலைக்குத் தகுதியானவரா, என்ன வசதி செய்து கொடுக்க வேண்டும் என்பதே போகும். றெஃபரன்ஸோ நேரே வேலை தருபவரின் மேசைக்கு வருகிறது. அதில் காரணம் இராது. இத்தனை நாள், இத்தனை தடவை என்று எண் மட்டுமே இருக்கும். நாம் காண்பதோ தலைகீழாக இருக்கிறது. சொல்ல வேண்டிய சுகாதாரப் பிரிவில் வாயை மூடிக்கொண்டு, சொல்லத் தேவையில்லாத மேலாளரிடம் தேநீர் நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள்.

அந்த எண்ணைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இந்நாட்டு நிர்வாகங்கள் பலவற்றில் பிராட்ஃபோர்ட் கணக்கு என்று ஒன்று வழங்குகிறது. எத்தனை தடவை நின்றார் என்பதை அதனாலேயே பெருக்கி, வரும் தொகையை மொத்த நாட்களால் மீண்டும் பெருக்குவார்கள். கால் முறிந்து ஒரே தடவையில் பத்து நாள் நின்றவருக்கு வருவது 10. ஒற்றைத் தலைவலியால் பத்துத் தடவை ஒவ்வொரு நாள் நின்றவருக்கு வருவது 1000. நாட்கள் இருவருக்கும் பத்தேதான்! அடிக்கடி நிற்பதால் வேலை குழம்புகிறது என்பது நிர்வாகத்தின் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் நீரிழிவு, ஈழை, மாதவிடாய் நோவு, மன அழுத்தம் போன்றவை நாட்காட்டி பார்த்து ஒரேயடியாக வருவன அல்ல. நோயைத் தீர்ப்பதற்கென்றே அமைந்த ஒரு நிறுவனம் தன் ஊழியரின் நோயை இப்படிப் பெருக்கல் வாய்பாட்டால் அளப்பது எமக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

சட்டமும் இதனை முழுமையாக ஏற்கவில்லை. ஓராண்டு நீடித்த அல்லது நீடிக்கக்கூடிய, அன்றாட வாழ்வைக் கணிசமாகப் பாதிக்கின்ற நோய், சட்டத்தின் பார்வையில் இயலாமை எனப்படும். புற்றுநோய்க்கு ஓராண்டுக் கணக்கும் தேவையில்லை. கண்டறிந்த நாளிலிருந்தே அது அப்படித்தான். இயலாமையிலிருந்து விளைந்த விடுமுறையைக் காட்டி, தகுந்த நியாயமின்றி, ஒருவருக்குத் தீங்கு செய்வது பாரபட்சம். கர்ப்பகால நோய்க்கும் தனிப் பாதுகாப்பு உண்டு. வெற்றிலைக்குப் பாக்குப்போல எழுதிவைத்த வெறும் வாசகங்கள் அல்ல இவை. கொவென்ட்ரி மாநகரசபையில் வேலை செய்த, இயலாமையுடைய ஒரு பெண்மணிக்கு இங்கிலாந்துத் தேசிய சுகாதார சேவையின் தலைமை அமைப்பு வேலை தருவதாகச் சொன்னது. பழைய மேலாளர் தொலைபேசியில் அவரது விடுமுறைகளைக் குறித்து இழுத்துப் பேச, வேலை மீளப் பெறப்பட்டது. 2015 டிசம்பரில் வேலைவாய்ப்பு மேன்முறையீட்டு மன்று கீழ் மன்றின் தீர்ப்பை மாற்றி, அவருக்குச் சார்பாகத் தீர்த்தது. றெஃபரன்ஸ் எழுதுபவர் கவனத்தோடு எழுதும் கடமையுடையவர் என்பதை இந்நாட்டின் பிரபுக்கள் சபை 1994இலேயே சொல்லியிருக்கிறது.

ஆனால் வழக்கில் வெல்வது வேறு, வாடகை கட்டுவது வேறு. ஆகவே நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். நிபந்தனையுடனான நியமனக் கடிதத்தைக் கண்டதும் பழைய இடத்தில் விலகல் கடிதத்தைக் கொடுத்துவிடாதீர்கள். எல்லாச் சோதனைகளும் முடிந்து, நிபந்தனை நீங்கியது என்று எழுத்தில் வரும்வரை பழைய கதிரையை விடக்கூடாது. புதிய மேலாளர் 'எப்போது வருவீர்கள்' என்று அவசரப்படுத்துவார். வாய்ச்சொல்லாக 'எல்லாம் சரிதான்' என்பார். அந்தச் சொல்லை நம்பி விலகியவர் இரண்டு வேலையும் இல்லாமல் நிற்க நேரிடும். விசாவுக்குப் பொறுப்பெடுத்த நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு இது இன்னும் ஆபத்து. புதிய நிறுவனத்தின் அனுசரணைச் சான்றிதழும் உள்நாட்டமைச்சின் புதிய அனுமதியும் கிடைக்கும் முன் அவர் அங்கே வேலை தொடங்கவும் முடியாது.

வைத்தியசாலைக்குள் வேலை செய்தும் அதன் ஊழியர் அல்லாதவர் நிலையோ தனி. 1983இலிருந்து துப்புரவு, சலவை, சமையல் வேலைகள் தனியார் ஒப்பந்தக்காரரிடம் போகத் தொடங்கின. எம்மவரில் பலர் அந்த ஒப்பந்தக்காரரின் ஆட்கள். மேலே சொன்ன ஆறு மாதக் கணக்கு அவர்களிற் பலருக்கு இல்லை. சட்டப்படியான குறைந்த கொடுப்பனவு மட்டுமே. அதிலும் முதல் மூன்று நாளுக்கு எதுவுமில்லை என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 2025ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைச் சட்டமே அதை நீக்க வழி செய்தது. காய்ச்சலோடு வார்டு துடைத்தவர்கள் ஏன் துடைத்தார்கள் என்று கேட்பவர்கள் இந்த மூன்று நாளை நினைக்க வேண்டும்.

எம்மிடையே உள்ள ஒரு குறையையும் மறைப்பதற்கில்லை. போரின் வடுக்களைச் சுமந்து வந்தவர்கள் நாம். உறக்கமின்மை, திடுக்கிட்டு விழித்தல், காரணமில்லாத அழுகை ஆகியவற்றை வைத்தியரிடம் சொல்லக் கூசுகிறோம். 'விசர் என்பார்கள்' என்று அஞ்சி, வயிற்றுவலி என்று எழுதிக் கொடுக்கிறோம். பத்துத் தடவை வயிற்றுவலி என்று பதிந்தவர் பிற்பாடு இயலாமைப் பாதுகாப்பைக் கோரும்போது காட்டுவதற்குச் சான்று இராது. சிலர் படிவத்தில் விடுமுறையே இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். பதிவேடு மறுத்துரைக்கும்போது வேலை போவது நோயினால் அன்று, பொய்யினால். அப்போது எந்தச் சட்டமும் துணைக்கு வராது.

வைத்தியசாலை நிர்வாகங்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. எண் சந்தேகத்தைத் தந்தால், நியமனத்தை மீளப் பெறும் முன் அந்த மனிதரை அழைத்து விளக்கம் கேளுங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

விண்ணப்பம் போடுமுன் தமது சுகவீனப் பதிவின் பிரதியை எழுத்து மூலம் கேட்டுப் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. கட்டணமில்லை, ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். கர்ப்பகால நோயோ வேலையில் ஏற்பட்ட காயமோ சாதாரண நாட்களோடு கலந்து பதியப்பட்டிருந்தால், அப்போதே திருத்தக் கேட்கலாம். தொழிற்சங்கத்தில் சேருவதையும் வேலைக்குச் சேர்ந்த மாதத்திலேயே செய்துவிடுவது நல்லது. பிரச்சினை தொடங்கிய பிறகு ஓடிவந்து சேருவோருக்கு, அதே பிரச்சினையில் உதவச் சங்கங்கள் பெரும்பாலும் முன்வருவதில்லை.