பள்ளிக்குள் வெளியார் நிகழ்ச்சிகள்: எங்கள் நிலைப்பாடு

சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியிலும் சைதாப்பேட்டை அரசு மாதிரி மேல்நிலைப் பள்ளியிலும் 2024 ஆகஸ்ட் இறுதியில் வெளியிலிருந்து வந்த ஒரு பேச்சாளரின் கூட்டங்களில் நடந்தவை உறுப்பினர்கள் அறிந்தவையே. ஆசிரியர் தின வாரம் முழுக்க அந்த உரையின் காணொளிதான் எல்லார் கைப்பேசியிலும் ஓடியது. ஆகவே நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. பேச்சாளரின் பெயரையும் எழுதப் போவதில்லை. அவருக்கு வேண்டிய விளம்பரம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

பள்ளிகளில் நிகழ்ச்சி நடத்துவதற்குப் புதிய வழிகாட்டு நெறிமுறைகளை வகுக்கும்படி 2024 செப்டம்பரில் முதல்வர் உத்தரவிட்டார். அவை வெளிவருமுன் எங்கள் கருத்தைப் பதிவு செய்வது கடமை என்று செயற்குழு கருதியது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரங்களின் அரசு, மாநகராட்சிப் பள்ளிப் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்த அமைப்பு இது. பெற்றோர் ஒன்று சொன்னார்கள், ஆசிரியர்கள் வேறொன்று சொன்னார்கள். நெடுநேர வாக்குவாதத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்ட வாசகமே கீழே இருப்பது.

முதலில் முடிவு. பள்ளி வேலை நேரத்தில், படிப்போடு தொடர்பில்லாத வெளியார் பேச்சோ, தியானமோ, ‘தன்னம்பிக்கை’ உரையோ அரசுப் பள்ளிகளில் கூடாது. தேவையான நிகழ்ச்சிகள் சில உண்டு: சாலைப் பாதுகாப்பு, போக்சோ சட்டம், உடல்நலம், உயர்கல்வி வழிகாட்டல். அவற்றில் யார் பேசுகிறார், என்ன பேசப் போகிறார் என்பது எழுத்தில் முன்கூட்டியே பள்ளிக்கு வர வேண்டும். ‘முற்றிலும் தடை’ என்று எழுத வேண்டும் என்றார்கள் சிலர். அப்படி எழுதினால் ஒரு நல்ல எழுத்தாளரோ விஞ்ஞானியோ பள்ளிக்குள் கால் வைக்க முடியாமல் போகும் என்றார்கள் வேறு சிலர். ‘பொதுவாகக் கூடாது, உரிய அனுமதியுடன் விதிவிலக்கு’ என்ற இடத்தில் இப்போதைக்கு நிற்கிறோம்.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மதபோதனை கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் உறுப்பு. மாற்றுத்திறனாளிகளைப் பலர் முன்னிலையில் இழிவுபடுத்துவது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி குற்றம். பேச்சாளர் செப்டம்பர் 7 அன்று கைது செய்யப்பட்டார். வழக்கைப் பற்றி நாங்கள் கருத்துச் சொல்லவில்லை.

பேசப்பட்ட பொருளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏழையாகப் பிறப்பதும் ஊனத்தோடு பிறப்பதும் போன பிறவிப் பாவத்தின் பலன் என்று அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லப்பட்டிருக்கிறது. யாரிடம்? காலையில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வரும் அம்மாவின் மகளிடம். பெயின்ட் அடிக்கும் அப்பாவின் மகனிடம். அடையாற்றங்கரையிலிருந்து குடும்பத்தையே பெயர்த்துக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய் இறக்கிவிட்ட பிறகும், பழைய பள்ளியை விட மனமில்லாமல் இருட்டோடு எழுந்து பஸ் பிடித்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் கஷ்டத்துக்குக் காரணம் போன பிறவி இல்லை. காரணத்துக்குக் கோப்பு இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, தேதி இருக்கிறது. குடிசை மாற்று வாரியமாக இருந்த நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தில் போய்க் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

தியாகராய நகருக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்தபோதுதான், 1920இல், சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போடத் தொடங்கியது. பிள்ளை பசியோடு இருந்தால் பாடம் ஏறாது என்ற எளிய கணக்குத்தான் காரணம். யாருடைய முற்பிறவிக் கணக்கையும் பார்த்து இலை போடவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊரின் பள்ளிக்கூடங்கள் எதை மறுத்து வளர்ந்தனவோ, அதையே பள்ளிக்கூடத்து மைக்கில், பள்ளிக்கூடத்துக் கூட்டத்தில், பாட நேரத்தில் சொல்ல ஒருவருக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. இதை ‘கவனக்குறைவு’ என்று எழுத வரைவுக் குழுவில் ஒரு யோசனை வந்தது. பெற்றோர் தரப்பு அதை ஏற்கவில்லை. நாங்களும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டோம்.

அந்தக் கூட்டங்களில் ஒன்றில் எழுந்து கேள்வி கேட்டவர் பார்வை மாற்றுத்திறனாளியான ஒரு தமிழாசிரியர். பள்ளிக் கல்வி அமைச்சர் நேரில் வந்து அவரைப் பாராட்டினார். சரியான செயல், வரவேற்கிறோம். ஆனால், ஓர் ஆசிரியர் தன் சொந்தப் பள்ளியில், தன் மாணவர்களின் கண்ணெதிரே, வெளியிலிருந்து வந்த ஒருவரிடம் தனியாக நின்று வாதாட வேண்டியிருந்தது. ‘உங்களை யார் பேச அழைத்தார்கள்’ என்று கேட்கும் உரிமை ஆசிரியருக்கு இயல்பாகவே இருக்க வேண்டும். அதற்கு வீரம் தேவைப்படுகிறது என்றால், பள்ளியில் ஆசிரியருக்கு இருக்கும் இடம் என்ன என்பது விளங்குகிறது.

இந்தப் பேச்சுக்குப் பிறகு அந்த இரு பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் இடமாற்றம் செய்யப்பட்டது பற்றி: செயற்குழுவில் கருத்து ஒருமிக்கவில்லை. பொறுப்பு ஏற்கத்தான் வேண்டும் என்பது ஒரு தரப்பு. வசதியான இடத்தில் பழியை இறக்கிவைத்திருக்கிறார்கள் என்பது மறு தரப்பு. இரு தரப்பும் ஏற்ற வாசகம் இதுதான்: துறை நடத்திய விசாரணையின் அறிக்கையை முழுமையாக வெளியிட வேண்டும். பேச்சாளரைப் பரிந்துரைத்தவர் யார், ஒப்புதல் வாய்மொழியாக வந்ததா எழுத்திலா என்பது தெரியாமல் தலைமையாசிரியரை மட்டும் ஊர் மாற்றுவதை நடவடிக்கை என்று ஏற்பது எங்களுக்குக் கடினமாக இருக்கிறது.

இந்த நிகழ்ச்சிகள் எப்படி வருகின்றன என்பது ஆசிரிய உறுப்பினர்களுக்கு நன்றாகத் தெரியும். தலைமையாசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வரும். நாளை காலை நிகழ்ச்சி, உரிய ஒத்துழைப்பு நல்கவும், புகைப்படம் அனுப்பவும். உத்தரவு எண் இருக்காது. மறுநாள் இரண்டாம் பாடவேளை மணி அடித்ததும் பிள்ளைகளை வரிசையாக இறக்கித் தரையில் உட்கார வைப்பார்கள். பேனர் கட்டி, பொன்னாடை போர்த்தி, வரவேற்புரை முடிவதற்கே அரை மணி ஆகும். பிறகு கண்ணை மூடச் சொல்வார்கள், அம்மாவை நினைக்கச் சொல்வார்கள், பின்னணியில் ஒரு சோக இசை போடுவார்கள். பதினைந்து வயதுப் பெண் அழாமல் என்ன செய்வாள்? அழுதால் நிகழ்ச்சி வெற்றி. கேமரா அவள் முகத்தருகே போகும். அவளையோ வீட்டாரையோ யாரும் அனுமதி கேட்பதில்லை. மாலைக்குள் அவள் அழுகை யாரோ ஒருவரின் யூடியூப் சேனலில் ஓடிக்கொண்டிருக்கும்.

எங்கள் உறுப்பினர் ஒருவர் பணிபுரியும் பள்ளியில் (பெயர் வேண்டாம்) ‘நினைவாற்றல் பயிற்சி’ என்று வந்தவர்கள் முடிவில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். மாணவர் பெயர், வகுப்பு, அப்பா கைப்பேசி எண். பிள்ளைகள் நல்ல கையெழுத்தில் நிரப்பிக் கொடுத்தார்கள். மறுநாளிலிருந்து வீட்டுக்கு அழைப்பு வந்தது, நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கு முன்பணம் கட்டச் சொல்லி. ஆன்மிகத்தின் பெயரில் வந்தாலும் வியாபாரத்தின் பெயரில் வந்தாலும் நுழையும் வாசல் ஒன்றுதான். நெறிமுறைகள் சாமியாரை மட்டும் குறிவைத்து எழுதப்பட்டால் பாதிக் கதவு திறந்தே கிடக்கும்.

இனி நேரம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாட்களும் 1,000 மணிநேரக் கற்பித்தலும் இருக்க வேண்டும். காகிதத்தில் நாட்கள் கணக்காக இருக்கும். பேரணி, உறுதிமொழி, போட்டி, செயலியில் பதிவு, பயிற்சி வகுப்பு என்று கழித்துக்கொண்டே வந்தால் மீதி எவ்வளவு என்பதை எந்த அலுவலகமும் கணக்கிடுவதில்லை. செப்டம்பர் காலாண்டுத் தேர்வு மாதம். பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியருக்கு இரண்டு பாடவேளை போனால், பின்தங்கிய பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காரணிப்படுத்தலை மறுபடி சொல்லிக்கொடுக்க இருந்த நேரம் போனது என்று பொருள். முதல் வரிசைப் பிள்ளை டியூஷனில் பிடித்துக்கொள்ளும். கடைசி வரிசைக்கு அந்த இரண்டு பாடவேளைதான் டியூஷன். அரசுப் பள்ளியின் தரம் உயர வேண்டும் என்று மேடைதோறும் பேசுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிள்ளைகளுக்கு மனச்சுமை இல்லையா, ஊக்கம் வேண்டாமா என்று தலைமையாசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கம் கேட்டு ஓலை வரும். யாராவது வந்து பேசினால் பிள்ளைகள் நாலு மார்க் கூட வாங்க மாட்டார்களா என்ற தவிப்பில்தான் பலர் சம்மதிக்கிறார்கள். 14417 உதவி எண் இருக்கிறது, ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது. எண்ணுக்கு அழைக்க வீட்டில் தனிக் கைப்பேசி வேண்டும். பெட்டியில் போட்ட சீட்டைப் படித்து, அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேச ஒரு ஆள் வேண்டும். பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் வாரத்தில் சில நாட்களாவது பள்ளியில் உட்கார்ந்திருக்கட்டும். அந்த நாற்காலி காலியாக இருப்பதால்தான் கண்டவரும் வந்து மைக்கைப் பிடிக்கிறார்கள்.

இதற்கெல்லாம் நிதி எங்கே என்று அரசு கேட்கலாம். பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் முதல் தவணை 573 கோடி ரூபாயை 2024இல் ஒன்றிய அரசு நிறுத்திவைத்ததைக் கண்டிக்கிறோம். அதே மூச்சில் இதையும் சொல்கிறோம்: வெளியாரிடம் பாடவேளையைத் தூக்கிக் கொடுக்காமல் இருப்பதற்கு ஒரு பைசா செலவில்லை.

முதல்வர் வகுக்கச் சொன்ன நெறிமுறைகளில் சில வரிகள் இருந்தே ஆக வேண்டும் என்று கோருகிறோம். அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். கொடுத்த அலுவலரின் பெயரும் பதவியும் அதில் இருக்க வேண்டும். பேச்சின் பொருள் முன்பே பள்ளிக்குத் தெரிய வேண்டும். மாணவர்களைப் படம் எடுப்பதும் விவரம் சேகரிப்பதும் கூடாது. எந்த ஆசிரியரும் நிகழ்ச்சியை இடையில் நிறுத்தக் கோரலாம். அதற்காக அவர்மீது நடவடிக்கை வரக் கூடாது. தேர்வுக்கு முந்தைய வாரங்களில் எந்த நிகழ்ச்சியும் வேண்டாம். மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் இதே விதி பொருந்த வேண்டும். இரண்டு நிர்வாகம் என்ற சாக்கு இங்கே எடுபடாது. இதற்கென்று தனிச் செயலி ஒன்றைத் தொடங்கி அதிலும் ஆசிரியரைப் பதிவேற்றம் செய்யச் சொல்லிவிடாதீர்கள் என்பது ஆசிரிய உறுப்பினர்களின் கூடுதல் வேண்டுகோள்.

பள்ளி மேலாண்மைக் குழுக்கள் ஆகஸ்ட் மாதத்தில்தான் 24 உறுப்பினர்களோடு, முன்னாள் மாணவர்களையும் சேர்த்து, மாநிலம் முழுக்க மறுகட்டமைப்பு செய்யப்பட்டன. அதே மாதக் கடைசியில் இந்தப் பேச்சு நடந்தது. அந்தந்தப் பள்ளிக் குழுவிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்ற கேள்விக்கும் விசாரணை அறிக்கை பதில் சொல்லட்டும். கேட்க வேண்டிய அவசியமில்லை என்பது துறையின் எண்ணமானால், பெற்றோரைச் சனிக்கிழமை வேலையை விட்டு வரச்சொல்லித் தேர்தல் நடத்தியது எதற்கு?

நம் வட்டாரப் பள்ளிகளில் குழு உறுப்பினராகத் தேர்வானவர்களுக்கு: வெளியார் நிகழ்ச்சி குறித்த மாதிரித் தீர்மானம் வட்டப் பொறுப்பாளர்களிடம் இருக்கிறது. காலாண்டு விடுமுறைக்குப் பின் கூடும் முதல் கூட்டத்திலேயே அதை வையுங்கள். தீர்மானப் பதிவேட்டில் ஏறியதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அதற்குள் யாராவது பேச வருகிறார் என்று தெரிந்தால் தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அவரும் நம்மைப் போல மாட்டிக்கொண்டவராக இருக்கலாம். மேலிடத்து உத்தரவு என்று சொன்னால், உத்தரவு எண்ணையும் தேதியையும் கேட்டு எழுதிக்கொண்டு வந்து பொறுப்பாளரிடம் கொடுங்கள். எண் இல்லை என்றால், இல்லை என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.