கேடயத் தேரையும் முள்ளம்பன்றியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

"ஷில்ட்குரோட்டெ" என்ற ஜெர்மன் சொல்லை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? "ஷில்ட்" என்றால் கேடயம். "குரோட்டெ" என்றால் தேரை. கேடயத் தேரை! வேறொன்றுமில்லை, நம் ஊர்க் குளத்து ஆமையைத்தான் அவர்கள் அப்படி அழைக்கிறார்கள். நூலகத்தின் கடைசி அலமாரியில் தூசி படிந்து கிடந்த ஜெர்மன் விலங்குப் படநூல் ஒன்றை, ஜெர்மன்-ஆங்கில அகராதியின் துணையோடு விளையாட்டாகப் புரட்டத் தொடங்கினேன். அதில் நான் கற்றதையும் தவறியதையும் உங்கள் முன் வைக்கவே இக்கட்டுரை.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். முதலாண்டில் "ரைனோசெரஸ்", "ஹிப்பொபொட்டமஸ்" என்று பெயர்களைப் பொருள் அறியாமல் உருப்போட்டேன். ஆங்கில வழியில் படித்து வந்தவர்களுக்கு இவையெல்லாம் இயல்பாகப் புரிகின்றன, எனக்குத்தான் அறிவு போதவில்லை என்று மனம் குன்றியதும் உண்டு. அந்தக் குறையைப் போக்கியது இந்த ஜெர்மன் நூல். அதில் காண்டாமிருகத்தின் பெயர் "நாஸ்ஹார்ன்"; அதாவது மூக்குக்கொம்பு. ரைனோசெரஸ் என்பதற்கும் கிரேக்க மொழியில் அதே பொருள்தான். நீர்யானை அவர்களுக்கு "நீல்ஃபெர்ட்", நைல் குதிரை. ஹிப்பொபொட்டமஸ் என்றால் கிரேக்கத்தில் ஆற்றுக்குதிரை. ஆங்கிலம் கிரேக்கரிடம் கடன் வாங்கியதை, ஜெர்மன் தன் வீட்டுச் சொல்லாலேயே சொல்லிவிட்டது. அப்படியானால் லண்டனில் பிறந்த குழந்தைக்கும் "ஹிப்பொபொட்டமஸ்" உருப்போட வேண்டிய ஓசைதானே!

விடுமுறையில் அம்மாவிடம் படத்தைக் காட்டி, "ஜெர்மன்காரங்க இதை ஆத்துக் குதிரைன்னு சொல்றாங்கம்மா" என்றேன். எழுத்தறியாத அம்மா படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஆத்துல கிடக்கும்னு தெரியுது. ஆனா இது குதிரையாடா? எருமையாட்டம் இருக்கு!" என்று சிரித்தார். பொருள் விளங்கும் பெயரின் நன்மையும் குறையும் அந்த ஒரு பேச்சிலேயே அடங்கிவிட்டன.

குறையின் விலையை நானே கொடுத்தேன். துறையின் சுவர் இதழுக்காக "எல்ஷ்" என்ற ஜெர்மன் மானைப் பற்றி எழுதினேன். ஆங்கிலத்தில் "எல்க்" என்று ஒத்த ஒலியுடைய சொல் இருக்கவே, வேறு யோசனையின்றி அமெரிக்க நூலொன்றில் "எல்க்" பகுதியைப் பார்த்து, கிளை கிளையாகப் பிரிந்த கொம்புடையது என்று எழுதிவிட்டேன். எங்கள் விரிவுரையாளர் படித்துப் பார்த்து, "தம்பி, இதன் அறிவியல் பெயர் என்ன?" என்று ஒரே கேள்வி கேட்டார். ஜெர்மானியரின் எல்ஷ், விரித்த உள்ளங்கை போன்ற அகன்ற கொம்புடைய ஆல்சிஸ் ஆல்சிஸ். பிரிட்டனில் அதை எல்க் என்பர்; அமெரிக்காவிலோ அதற்குப் பெயர் "மூஸ்". அமெரிக்கர் எல்க் என்பது செர்வஸ் கனடென்சிஸ் என்ற வேறு மான். இரண்டு நாள் என் தவறு சுவரில் தொங்கியது.

அன்று முதல் நான் கைக்கொண்ட வழி இதுதான்: பெயரிலிருந்து பெயருக்குத் தாவாதே, பெயரிலிருந்து விலங்குக்குப் போ, விலங்கிலிருந்து மறுமொழிப் பெயருக்கு வா. ஷில்ட்குரோட்டெ என்ற ஒரு சொல்லில் நில ஆமையும் கடலாமையும் அடக்கம், நம் "ஆமை" போலவே. ஆனால் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் நிலத்தில் வாழ்வது "டார்டாய்ஸ்", கடலில் வாழ்வது "டர்ட்டில்". எந்த ஆமை என்று அறியாமல் மொழிபெயர்க்க முடியுமா? "ஸூப்பன்ஷில்ட்குரோட்டெ"யைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "சூப்பு ஆமை" என்று வரும். அதன் இறைச்சியைச் சூப்பு வைத்ததால் வந்த பெயர். ஆங்கிலத்தில் அதுவே பச்சை ஆமை. சீலோனியா மைடாஸ் என்ற அறிவியல் பெயர் இல்லாவிட்டால் சூப்பையும் பச்சையையும் யார் சேர்த்து வைப்பார்?

அப்படியானால் பிழையான நாட்டுப் பெயர்களை ஒழித்துவிடலாமே என்பர் சிலர். ஜெர்மனியில் அதையும் செய்து பார்த்தார்கள். வௌவாலுக்கு அங்கே "ஃபிளேடர்மவுஸ்", படபடக்கும் எலி என்று பெயர். மூஞ்சூறுக்கு "ஷ்பிட்ஸ்மவுஸ்", கூர்மூக்கு எலி. இரண்டும் எலியினம் அல்ல என்று கூறி, ஜெர்மன் பாலூட்டியியல் சங்கத்தார் "ஃபிளேடர்", "ஷ்பிட்ஸர்" என மாற்ற முடிவெடுத்த செய்தி 1942 மார்ச்சில் வெளியானது. செய்தித்தாளில் இதைக் கண்ட ஹிட்லர் சினந்து முடிவைத் திரும்பப் பெறச் செய்தார். தடுத்தவர் ஒரு சர்வாதிகாரி என்பது சரித்திரத்தின் வேடிக்கை. அவர் தடுக்காவிட்டாலும் பாட்டிமாரின் நாக்கு தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டிருக்காது என்பது என் எண்ணம்.

அறிவியல் பெயர் மட்டும் தவறாததா? அமெரிக்க ரக்கூனை 1758-இல் லின்னேயஸ் கரடியினத்தில் சேர்த்து, "கழுவும் கரடி" என்னும் பொருளில் உர்சஸ் லோட்டர் என்றார். அது கரடியல்ல என்று தெளிந்த அறிவியல் பிறகு புரோசியான் லோட்டர் என்று மாற்றிக்கொண்டது. ஜெர்மானியர் இன்றும் "வாஷ்பேர்", கழுவும் கரடி என்றே அழைக்கின்றனர். திருத்திக்கொள்வது அறிவியலின் கடமை; நினைவில் வைத்திருப்பது மக்கள் மொழியின் குணம்.

நம் முள்ளம்பன்றியைப் பாருங்கள். ஜெர்மனில் "ஷ்டாகல்ஷ்வைன்", முட்பன்றி. ஆங்கிலப் "பார்க்குபைன்" என்பதன் மூலமும் முட்பன்றிதான். மூன்று மொழியும் பன்றி என்கின்றன. விலங்கோ கொறிப்பன இனம்! இதனால் யாரும் அதைப் பன்றித் தொழுவத்தில் கட்டவில்லையே.

ஆகவே விரிவுரையாளர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். செய்முறைப் பதிவேட்டில் அறிவியல் பெயர், ஆங்கிலப் பெயர் இவற்றோடு, ஊரில் வழங்கும் தமிழ்ப் பெயரையும் எழுதப் பணியுங்கள். முதலாவது நம்மைத் தவறாமல் காக்கும். இரண்டாவது நூல்களைத் திறந்து வைக்கும். மூன்றாவது, நாம் படிப்பது என்னவென்று நம் அம்மாக்களுக்குச் சொல்லும்.