கம்பெனி மாட்டினால் குற்றமில்லை!

கார்ப் பந்தயம் என்றதும் பயந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது உயிரைப் பணயம் வைக்கிற சமாசாரம் அல்ல. அமெரிக்காவில் விடுமுறை நாட்களில் பெரிய கார் நிறுத்துமிடம் ஒன்றையோ, பழைய விமான தளம் ஒன்றையோ பிடித்துக் கொள்கிறார்கள். தரையில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வளைத்து வளைத்து வைக்கிறார்கள். கார்கள் ஒவ்வொன்றாக அவற்றின் நடுவே புகுந்து புறப்பட்டு வரவேண்டும். சுமார் ஒரு நிமிஷ வேலைதான். ஒரு கூம்பைத் தட்டினால் 2 விநாடி அபராதம். வழி தவறினால் அந்த ஓட்டமே கணக்கில் சேராது. தம்முடைய முறை இல்லாத நேரத்தில் போட்டியாளர்களே வெயிலில் நின்று, மற்றவர்கள் தட்டிய கூம்புகளைத் தூக்கி நிறுத்த வேண்டும். டாக்டரம்மாவானாலும் விலக்கு இல்லை!

இதற்கு ஆட்டோகிராஸ் என்று பெயர். தினமும் ஆபீஸுக்குப் போகிற காரையே கொண்டு வந்து ஓட்டலாம். பணப் பரிசு என்று சொல்லிக் கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. ஆனாலும் சண்டைக்குக் குறைவில்லை. எந்தக் காரை எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதுதான் சண்டை.

1944-ல் ஆரம்பித்த 'ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆப் அமெரிக்கா' என்ற சங்கம் இதற்கு விதிகள் வகுத்து வருகிறது. கடையிலிருந்து வந்தபடியே இருக்கும் கார்களுக்கு 'ஸ்ட்ரீட்' என்று ஒரு பிரிவு. அதற்குள் பல வகுப்புகள். டயரை மாற்றலாம்; அதுவும் சீக்கிரம் தேய்ந்துவிடும் பந்தய டயராக இருக்கக் கூடாது. ஷாக் அப்ஸார்பரை மாற்றலாம், பிரேக் பேடை மாற்றலாம். சக்கரத்தின் அகலத்தை மட்டும் மாற்றக் கூடாது. மாற்றினால் வேறு பிரிவுக்குப் போக வேண்டியதுதான். அங்கே காரை அக்கக்காகக் கழற்றி மெருகேற்றியவர்கள் காத்திருப்பார்கள்.

விதி நியாயமாகத்தானே இருக்கிறது என்பீர்கள். சிக்கலைக் கேளுங்கள். ஷெவர்லே கம்பெனி 2017-ல் விற்ற கமாரோ எஸ்.எஸ். கார் 455 குதிரைச் சக்தி கொண்டது. அதே காரை '1எல்இ' என்ற விசேஷக் கட்டுடனும் விற்றார்கள். எஞ்சின் அதேதான், சக்தியும் அதே 455. ஆனால் சாதாரண எஸ்.எஸ்ஸின் முன் சக்கரம் எட்டரை அங்குல அகலம் என்றால், விசேஷக் காருக்கு 10 அங்குலம். பின் சக்கரம் ஒன்பதரைக்குப் பதில் 11. ஸஸ்பென்ஷனும் இறுக்கமானது. கூம்புகளுக்கு நடுவே திரும்பும்போது தரையைப் பிடித்துக் கொள்வது டயர்தானே? எஞ்சின் எவ்வளவு உறுமி என்ன!

சாதாரண எஸ்.எஸ். வைத்திருக்கும் ஒருவர், மிச்சம் பிடித்த காசில் அகலச் சக்கரம் வாங்கி மாட்டினால் வகுப்பை விட்டு வெளியே போக வேண்டும். கம்பெனியே மாட்டி விற்றால் உள்ளே இருக்கலாம். கார் விற்கும் டீலர் மாட்டிக் கொடுத்தால்கூட ஒப்புக்கொள்வதில்லை. தொழிற்சாலையிலிருந்தே வந்திருக்க வேண்டும். வீட்டில் அரைத்த மசாலாவுக்குத் தடை, டப்பாவில் வந்த மசாலாவுக்கு அனுமதி என்கிற மாதிரி!

விதி செய்தவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்லமாட்டேன். எங்கேயாவது ஒரு கோடு கிழித்துத்தான் ஆகவேண்டும். "தொழிற்சாலை எப்படி அனுப்பியதோ, அப்படி" என்பது பரிசோதகர் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய கோடு. அதை விட்டால் யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கணக்குக் கேட்க முடியுமா? ஆனால் ஒரே பெயர் என்பதற்காக இரண்டு கார்களை ஒரே வகுப்பில் போட்டால், சாதாரணக் கார்க்காரர் ஒரு வருஷம் பார்ப்பார், இரண்டு வருஷம் பார்ப்பார், பிறகு வீட்டோடு இருந்துவிடுவார். வகுப்பில் மிஞ்சுவது ஒரே மாதிரிக் கார்கள்தான். அப்புறம் அது பந்தயமா, ஷோரூமா?

குதிரைச் சக்தியை வைத்து மட்டும் பிரித்துவிடலாம் என்றால் அதுவும் பலிக்காது. 1989-ல் வந்த மாஜ்தா மியாட்டா சின்னஞ்சிறு கார். எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு, சக்தி 120-ஐக்கூட எட்டாது. ஆனாலும் நெருக்கமான வளைவுகளில் பெரிய கார்களின் கண்ணில் விரலை விட்டு ஆட்டும். எடை, டயர் அகலம், எந்தச் சக்கரத்தை எஞ்சின் சுழற்றுகிறது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வெவ்வேறு வகுப்புக்காரர்களை ஒப்பிட ஒரு யுக்தி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் எண் உண்டு. எடுத்துக்கொண்ட நேரத்தை அதால் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு நானே எண்களை வைத்துச் சொல்கிறேன். மெதுவான வகுப்புக்கு 0.79, வேகமான வகுப்புக்கு 0.84. முதலாமவர் 60 விநாடியில் வந்தால் 47.40 ஆகிறது. இரண்டாமவர் 57 விநாடியில் வந்தும் 47.88. மூன்று விநாடி பிந்தி வந்தவருக்கு வெற்றி! அழகான கணக்குதான். ஆனால் கார் தவறான வகுப்பில் இருந்தால் எண்ணும் தவறாகிவிடும். பிழை அப்படியே இங்கேயும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நம் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. பெண்களுக்கென்று தனிப் போட்டி உண்டு. பொதுப் போட்டியில் ஆண்களோடு ஓட்டவும் தடையில்லை. ஒரே காரை இருவர் ஓட்டலாம் என்பதால் கணவர் பொதுப் போட்டியிலும் மனைவி பெண்கள் போட்டியிலும் இறங்குவது உண்டு. அகலச் சக்கரக் கார் ஒன்று உள்ளே நுழைந்தால், ஒரு வீட்டில் இரண்டு பேருடைய ஞாயிற்றுக்கிழமை கெட்டுப் போகிறது என்று அர்த்தம். இதை யாரும் பெரிதாகப் பேசுவதாகத் தெரியவில்லை.

புதுக் கார் வந்தால் முதலில் மேல் வகுப்பிலேயே போட்டுப் பார்த்து, ஓட்டத்தின் முடிவுகளைப் பார்த்துக் கீழே இறக்குவதே சரி என்பது என் கட்சி. கீழே போட்டுவிட்டுப் பிறகு மேலே தூக்கினால், அந்த வகுப்பை நம்பிக் கடன் வாங்கிக் கார் எடுத்தவர் வயிறு எரியாதா? மேலே போட்டால் வாங்கியவருக்கு ஒரு வருஷம் தோல்வி, அவ்வளவுதான். சங்கத்தின் உறுப்பினர் எவரும் இதைப் பற்றிக் கடிதம் எழுதலாம். கமிட்டி படித்துப் பார்த்துச் சிபாரிசு செய்கிறது. ஆண்டுதோறும் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில், பழைய விமான தளத்தின் சிமெண்டுத் தரையில் தேசியப் போட்டி நடக்கிறது. ஆயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள். இரண்டு நாள், இரண்டு பாதை, பாதைக்கு மூன்று ஓட்டம். அங்கே விநாடியின் ஆயிரத்தில் சில பங்குகளில் கோப்பை கை மாறுகிறது. ஒன்றரை அங்குலச் சக்கரத்துக்காகக் கடிதம் எழுதுகிறவர்களை நாம் கேலி செய்ய முடியுமா?